வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்: இதய மீட்புக் கருவி வாங்கும் சங்கங்களின் கவனத்திற்கு

குடியிருப்போர் நலச் சங்கங்கள், பள்ளிகள், உடற்பயிற்சிக் கூடங்கள், சிறு தொழிலகங்கள் ஆகியவற்றின் கணக்குகளைக் கையாளும் எங்களைப் போன்ற வங்கி அலுவலர்களின் கண்ணில் அண்மைக் காலமாக ஒரு புதிய செலவினம் படுகிறது. மின்தூக்கிப் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், காவலாளிகள் ஊதியம் என்ற வழக்கமான வரிசையில் "ஏ.இ.டி. கருவி கொள்முதல்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, அவற்றில் குறைந்ததைத் தேர்ந்து காசோலை அளிக்கிறார்கள். நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் அதற்கடுத்த ஆண்டிலும் அக்கருவியின் பெயரில் ஒரு ரூபாயேனும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இருப்பதில்லை. இக்கட்டுரை அந்த விடுபட்ட தொகையைப் பற்றியது.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவுடன் இருப்பார். இதயத்தின் மின்னோட்டமே குலைந்து, கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி, குருதியை வெளித்தள்ளும் ஆற்றலை இழப்பது இதய நிறுத்தம். நோயாளி நொடிகளில் நினைவிழந்து விழுவார். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியக்கூடும். வேறு காரணங்களாலும் அது நேரலாம். இந்நிலையில் மார்பின் மீது இரு ஒட்டுப் பட்டைகளை ஒட்டினால், இதயத் துடிப்பின் தன்மையைக் கருவி தானே ஆராய்கிறது. மின்அதிர்வு தேவையென்றால் மட்டுமே அதைச் செலுத்துகிறது. தேவையில்லாத இடத்தில் பொத்தானை அழுத்தினாலும் செலுத்தாது. செய்ய வேண்டியதைக் குரல் வழியாகவும் சொல்லித் தருகிறது. எனவே மருத்துவப் பயிற்சி இல்லாதவரும் இதைப் பயன்படுத்தலாம்.

நேரமே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மார்பு அழுத்தமும் மின்அதிர்வும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. நம் பெருநகரங்களின் நெரிசலில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதை வாசகர்களே அறிவார்கள். சிகாகோ நகரின் விமான நிலையங்களில் இக்கருவிகளை வைத்த பின் இரண்டாண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தபோது, மின்அதிர்வால் சரிசெய்யத்தக்க வகை இதய நிறுத்தத்திற்கு ஆளான 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டது தெரியவந்தது. உதவியவர்களில் பெரும்பாலோர் அவ்வழியே சென்ற சாதாரண மனிதர்கள். அங்கே கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தபோது வேலையும் செய்தது. இந்த இரண்டாவது பகுதிக்குத்தான் பணமும் கவனமும் தொடர்ந்து தேவைப்படுகின்றன.

காத்திருப்பதால் தேயும் பொருள்

மின்தூக்கியோ நீரேற்று மோட்டாரோ ஓட ஓடத் தேயும். இக்கருவியின் இயல்பு நேர்மாறானது. வாங்கிய நாள்முதல் அது பயன்படாமலே சுவரில் தொங்கலாம். அவ்வாறு தொங்கவே எல்லோரும் விரும்புவார்கள். ஆயினும் அதன் உள்ளே இரண்டு பொருள்கள் நாள்தோறும் முதுமையடைகின்றன.

ஒன்று, ஒட்டுப் பட்டை. மார்பில் ஒட்டும் பரப்பில் ஈரப்பதமுள்ள கூழ் பூசப்பட்டிருக்கிறது. தோலுக்கும் மின்முனைக்கும் இடையே மின்சாரம் தடையின்றிப் பாய்வதற்கு அந்த ஈரம் வேண்டும். உறை மூடியிருந்தாலும் கூழ் மெல்ல மெல்ல உலர்கிறது. உலர்ந்தால் பட்டை சரியாக ஒட்டாது, மின்தடை கூடும், கருவி இதயத் துடிப்பைத் தவறாக உணரவும் கூடும். எனவே ஒவ்வொரு உறையிலும் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கும். மாதிரியைப் பொறுத்து அது ஏறத்தாழ 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை. ஒருமுறை பிரித்துவிட்டால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அந்த இணை அத்துடன் முடிந்தது.

மற்றொன்று, மின்கலம். பெரும்பாலான மாதிரிகளில் இருப்பது மீண்டும் மின்னேற்ற இயலாத லித்தியம் மின்கலம். கருவி தன்னைத்தானே அன்றாடமோ வாரந்தோறுமோ சோதித்துக்கொள்கிறது. அச்சோதனைக்கான மின்சாரமும் அதே மின்கலத்திலிருந்துதான் செல்கிறது. காத்திருப்பு நிலையில் வழக்கமாக 4, 5 ஆண்டுகள் நீடிக்கும். யாராவது ஆர்வத்தால் மூடியைத் திறந்து திறந்து மூடினால் அதுவும் குறையும். உடற்பயிற்சிக் கூடங்களிலும் பள்ளிகளிலும் இது மெய்யாகவே ஒரு சிக்கல்.

மாதிரிக்கு மாதிரி இந்த ஏற்பாடு மாறுகிறது. பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் ஆன்சைட் என்ற மாதிரியில் மின்கலம் ஏறத்தாழ 4 ஆண்டும் பட்டை 2 ஆண்டும் வரும். ஹார்ட்சைன் சமாரிட்டன் மாதிரியில் மின்கலமும் பட்டையும் ஒரே பெட்டகமாக அமைந்து, 4 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகவே மாற்றப்படுகின்றன. ஜோல் ஏ.இ.டி. பிளஸ் என்ற மாதிரி, புகைப்படக் கருவிகளில் போடும் 123 வகை லித்தியம் மின்கலங்கள் பத்தினைக் கொண்டு இயங்குகிறது. இவற்றில் எது சிறந்தது என்று சொல்வது என் வேலையன்று. ஒவ்வொன்றின் செலவுச் சுழற்சியும் வேறு வேறு என்பதையே கணக்குப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

பராமரிப்பின்மை வெறும் ஏட்டளவிலான குறை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1993 முதல் 2008 வரை அரசு அமைப்பிடம் பதிவான, நோயாளி இறப்பில் முடிந்த கருவிக் கோளாறுகளை ஆராய்ந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ கால் பங்கு பட்டை, கம்பி, இணைப்பு ஆகியவற்றின் குறையாலும், ஏறத்தாழ மற்றொரு கால் பங்கு மின்கலம் மற்றும் மின்வழங்கல் குறையாலும் நேர்ந்தவை என்று கண்டறியப்பட்டது. நுட்பமான மின்னணுப் பகுதிகளைக் காட்டிலும், நாளைக் குறித்து வைத்து மாற்ற வேண்டிய எளிய பொருள்கள் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கின்றன.

எட்டாண்டுக் கணக்கு

கணக்கிற்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். இவை சந்தை விலைகள் அல்ல. உங்கள் விலைப்புள்ளியில் உள்ள தொகைகளை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். 120 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு, 1,20,000 ரூபாய்க்குக் கருவியும் 10,000 ரூபாய்க்கு எச்சரிக்கை ஒலியுடன் கூடிய சுவர்ப் பெட்டியும் வாங்குகிறது. முதல் நாள் செலவு 1,30,000. பொதுக்குழு ஒப்புதல் அளித்தது இத்தொகைக்கே.

கருவி 8 ஆண்டுகள் பயனில் இருக்கும் என்று கொள்வோம். பட்டை ஓர் இணை 7,000 ரூபாய். ஆயுள் 2 ஆண்டு. கருவியுடன் வந்தது போக, இரண்டாம், நான்காம், ஆறாம் ஆண்டு முடிவுகளில் மூன்று இணைகள் வேண்டும்: 21,000. மாற்று இணை ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். அதையும் தொடக்கத்தில் ஒருமுறையும் பின்னர் மூன்று முறையும் வாங்கினால் 28,000. மின்கலம் நான்காம் ஆண்டு முடிவில் ஒருமுறை: 16,000. குடியிருப்போருக்கும் காவலாளிகளுக்கும் பயிற்சி தொடக்கத்திலும் பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், நான்கு முறைக்கு 10,000 வீதம் 40,000. கத்தரிக்கோல், சவரக் கத்தி, கையுறை, துண்டு ஆகியவை அடங்கிய சிறு பைக்கு ஆண்டுக்கு 500 வீதம் 4,000. கூட்டினால் 1,09,000 ரூபாய்.

ஆக, எட்டாண்டு மொத்தச் செலவு 2,39,000. ஆண்டுக்கு 29,875, வீடு ஒன்றுக்கு மாதம் 21 ரூபாய்க்கும் குறைவு. சுமக்க முடியாத தொகையன்று இது. ஆனால் முதல் நாள் விலைக்குச் சற்றே குறைந்த இன்னொரு தொகை, யாருடைய ஒப்புதலும் பெறாமல் பின்னே காத்திருக்கிறது. இரண்டாண்டு கழித்துப் புதிய செயற்குழு பொறுப்பேற்றிருக்கும். பட்டைக்கான 14,000 ரூபாய்ப் பட்டியல் வரும்போது, "இது எதற்கு, கருவிதான் வாங்கியாயிற்றே?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கோப்பு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிப் போகும். பட்டையின் நாளும் கடந்து போகும்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போதும் இதே முறை உதவும். 90,000 ரூபாய்க் கருவி ஒன்றுக்கு 9,000 ரூபாய்ப் பட்டை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 22,000 ரூபாய் மின்கலம் 4 ஆண்டுக்கு ஒருமுறையும் தேவை என்போம். மாற்று இணையைச் சேர்க்காமலே எட்டாண்டில் 1,39,000 ஆகிறது. 1,10,000 ரூபாய்க் கருவியில் இரண்டும் சேர்ந்த 18,000 ரூபாய்ப் பெட்டகத்தை 4 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 1,28,000 மட்டுமே. குறைந்த விலைப்புள்ளி இங்கே கூடுதல் செலவாகிறது. அதே வேளையில் கருவி ஒருமுறை பயன்பட்டுவிட்டால், முன்னதில் 9,000 ரூபாய்ப் பட்டையை மாற்றினால் போதும். பின்னதில் 18,000 ரூபாய்ப் பெட்டகம் முழுவதையும் மாற்ற வேண்டும். முதியோர் மிகுந்த குடியிருப்பும் இளைஞர் மிகுந்த அலுவலகமும் இதில் ஒரே முடிவுக்கு வரவேண்டியதில்லை.

விற்பனையாளரிடம் எழுத்தில் பெற வேண்டியவை சில உண்டு. பட்டை, மின்கலம் ஆகியவற்றின் இன்றைய விலை. கப்பல் ஏறும்போது அல்லாமல் உங்கள் கைக்கு வரும்போது எஞ்சியிருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆயுள். அம்மாதிரிக்கான உதிரிகள் எத்தனை ஆண்டு வரை கிடைக்கும் என்ற உறுதி. கருவி பயன்பட்டால் எத்தனை நாளில் புதிய பட்டை வந்து சேரும் என்பது. இவற்றில் இரண்டாவதைப் பலர் கேட்பதேயில்லை. 2 ஆண்டு ஆயுளுள்ள பட்டை, துறைமுகத்திலும் கிடங்கிலும் எட்டு மாதம் கிடந்துவிட்டு வந்தால், ஆண்டுச் செலவு ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

மூன்றாவதும் அற்பமானதன்று. பிசியோ கண்ட்ரோல் நிறுவனம் 2016-இல் ஸ்டிரைக்கர் நிறுவனத்தின் வசமானது போல, இத்துறையில் உரிமை கைமாறுவது நடக்கக்கூடியதே. மாதிரிகள் கைவிடப்படலாம், நாணய மாற்று விகிதமும் மாறும். இறக்குமதிக் கருவியின் எட்டாண்டு உதிரிச் செலவை இன்றைய விலையிலேயே கணக்கிட்டு நிம்மதியடைய இயலாது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் குறித்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கருவிக்கு, ஒருவர் ஆண்டுக்கு இருமுறை வந்து பச்சை விளக்கைப் பார்த்துக் கையொப்பமிட்டுச் செல்வதற்காகப் பெருந்தொகை கொடுப்பதில் பொருளில்லை. காலாவதியாகும் பட்டையையும் மின்கலத்தையும் அத்தொகைக்குள்ளேயே மாற்றித் தருவதாகவும், பழுதானால் மாற்றுக் கருவி தருவதாகவும் ஒப்பந்தம் சொன்னால் அது வேறு. கருவியின் உத்தரவாதம் பொதுவாகப் பட்டைக்கும் மின்கலத்துக்கும் அதே அளவில் பொருந்தாது. உத்தரவாத ஆண்டுகளைக் காட்டி "செலவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

யார் பார்ப்பது?

கடன் விண்ணப்பம் ஒன்றின் தொடர்பில் உடற்பயிற்சிக் கூடமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சொத்துப் பட்டியலில் இருந்த இக்கருவி வரவேற்பறைச் சுவரில் பளபளப்பாகத் தொங்கியது. பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, பட்டை உறையில் அச்சிட்டிருந்த மாதம் கடந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. உரிமையாளர் உண்மையாகவே திகைத்தார். விளக்கு பச்சையாகத்தானே மின்னிக்கொண்டிருந்தது என்றார். அவர் கூற்றில் தவறில்லை. மின்கலத்தையும் உள் மின்சுற்றையும் எல்லா மாதிரிகளும் சோதிக்கின்றன. ஆனால் பட்டையின் காலாவதியை எல்லா மாதிரிகளும் அறிவதில்லை. பச்சை விளக்கையும் அச்சிட்ட நாளையும் தனித்தனியே பார்க்கத்தான் வேண்டும்.

தீயணைப்பானின் கழுத்தில் தொங்கும் அட்டையை எல்லோரும் அறிவோம். அதே போன்ற ஓர் அட்டையை இதற்கும் கட்டி, மாதத்திற்கு ஒருநாள் பார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பை ஒருவரின் பதவிக்கு அளிக்க வேண்டும். ஒரு நபரின் பெயருக்கு அளித்தால் அவர் வீடு மாறியதும் பொறுப்பும் போய்விடும். பட்டை, மின்கலம் ஆகியவற்றின் காலாவதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே கொள்முதல் ஆணை செல்லும்படி சங்கத்தின் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். மின்கலம் தளர்ந்தால் பெரும்பாலான கருவிகள் விட்டு விட்டு ஒலி எழுப்பும். பூட்டிய மன்றக் கூடத்தினுள் எழும் அவ்வொலி யார் காதிலும் விழாது. செயலாளர் அறையில் பூட்டி வைக்கப்பட்ட கருவியோ இரவு இரண்டு மணிக்கு இல்லாததற்கு ஒப்பாகும். இருபத்து நான்கு மணி நேரமும் ஆளிருக்கும் காவலாளி மேசைக்கு அருகில் வைப்பதே நலம்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. பெரும்பாலான மாதிரிகள் 0 முதல் 50 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலைக்கே உருவாக்கப்பட்டவை. நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ மே மாத வெயில் நேரே படும் சுவரில், கண்ணாடிக் கதவிட்ட உலோகப் பெட்டிக்குள் அந்த எல்லை எளிதில் மீறப்படும். கடலோர ஊர்களில் ஈரக்காற்று. நிழலான, காற்றோட்டமுள்ள உட்சுவரைத் தேர்ந்தால் பட்டையும் மின்கலமும் அச்சிட்ட ஆயுளையாவது எட்டும். பள்ளிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 8 வயதுக்கு உட்பட்ட அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த சிறுவர்களுக்குச் சில மாதிரிகளில் தனிப் பட்டை வாங்க வேண்டும். அதற்கும் தனிக் காலாவதி உண்டு. வேறு சிலவற்றில் ஒரு பொத்தானோ சாவியோ போதும்.

பயிற்சிச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. இந்திய உயிர்ப்பித்தல் குழுமம் பொதுமக்களுக்காக வகுத்துள்ள முறையில் வாயோடு வாய் வைத்து ஊதுவது இல்லை. மார்பு அழுத்தம் மட்டுமே. கற்பதற்கு அரை நாள்கூடத் தேவைப்படாது. அருகிலுள்ள மருத்துவமனைகளின் மயக்கவியல் பிரிவை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம்.

கணக்கேட்டில் எங்கே எழுதுவது?

வணிக நிறுவனம் வாங்கினால் இது மூலதனச் சொத்து. பட்டையும் மின்கலமும் நடப்புச் செலவு. தேய்மானத்தில் ஒரு விந்தை இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் தேய்மான அட்டவணை, உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளுக்கு 40 சதவீதம் அனுமதித்தது. ஆனால் அப்பட்டியல் "உட்புறப் பயன்பாட்டுக்கான" மின்அதிர்வுக் கருவி என்றே குறிப்பிட்டது. சுவரில் தொங்கும் இது புறப் பயன்பாட்டுக் கருவி. ஆகவே சொற்படி பொருள் கொண்டால் பொது இயந்திரங்களுக்குரிய 15 சதவீதமே பொருந்தும். 40 சதவீதம் கோர எண்ணுவோர் தம் தணிக்கையாளரிடம் நடப்பு விதிகளைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

நன்கொடையாகக் கிடைக்கும் கருவிகள் தனிக் கவலை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நிறுவனங்கள் இவற்றை வழங்கலாம். திறப்பு விழா நடக்கும், படம் எடுக்கப்படும். முதல் பட்டை காலாவதியாகும் முன்பே அவ்வாண்டின் நிதிக் கணக்கு முடிந்திருக்கும். பெறும் பள்ளியோ தொண்டு நிறுவனமோ கருவியை ஏற்கும் கடிதத்திலேயே குறைந்தது நான்காண்டுக்கான பட்டைகளையும் ஒரு மின்கலத்தையும் உரிய காலத்தில் வழங்கும் பொறுப்பைக் கேட்டுப் பெறலாம். மொத்தமாக முன்கூட்டியே வாங்கித் தரச் சொல்வதில் பயனில்லை. அலமாரியிலும் அவற்றின் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எட்டாண்டுக்குப் பிறகு வாங்க வேண்டிய புதிய கருவிக்கும் இன்றே தொடங்கலாம். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வதாகக் கொண்டால் 1,20,000 ரூபாய்க் கருவி அப்போது ஏறத்தாழ 1,77,300 ரூபாயாக இருக்கும். 6 சதவீத வட்டியில் மாதம் ஏறத்தாழ 1,450 ரூபாய் தொடர் வைப்பில் இட்டுவந்தால் அத்தொகை சேர்ந்துவிடும். 120 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 12 ரூபாய். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் மாதிரி துணை விதிகளின்படி சேர்க்கும் சிங்கிங் ஃபண்டு கட்டடத்தின் மறுகட்டுமானத்துக்கும் பெரும் பழுதுகளுக்கும் உரியது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், இதற்கெனத் தனி வைப்பு தொடங்கி, சங்கக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானே செல்லும்படி வங்கிக்கு நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், செயற்குழு மாறினாலும் சேமிப்பு நிற்காது. கருவியை வாங்கும் தீர்மானத்திலேயே இந்த வைப்பையும் ஆண்டு ஒதுக்கீட்டையும் சேர்த்து எழுதுவது எளிது. பின்னர் தனியே ஒப்புதல் பெறுவது கடினம்.

கருவி ஒருமுறை பயன்பட்ட பின் உடனே செய்ய வேண்டியவை சில. பட்டையை மாற்றி, மின்கலத்தின் நிலையைப் பார்த்து, பையிலுள்ள பொருள்களை நிரப்பி, அட்டையில் நாளைக் குறிக்க வேண்டும். நினைவகத்தில் பதிவாகியிருக்கும் இதயத் துடிப்பு விவரம் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு உதவும். எனவே அதை எடுத்துத் தருமாறு விற்பனையாளரை அன்றே அழைப்பது நல்லது. ஆயுள் முடிந்த கருவியைப் பழைய பேப்பர்க் கடையில் போடக் கூடாது. மருத்துவக் கருவிகளும் 2022 மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. மின்கலங்களுக்கு அதே ஆண்டின் தனி விதிகள் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் சேர்த்து, சொத்துப் பதிவேட்டில் அந்த வரியை நீக்கிவிடலாம்.